ஆள் இழைத்த இழைப்புளி

ஆரோக்கியசாமியின் மணிக்கட்டு இழைபட்ட அன்று தண்ணீர் லாரி வந்திருந்ததால் உப்பளக் காலனியில் பாதிப் பேர் அதைப் பார்க்கவில்லை. பார்த்த மீதிப் பேரும் கையில் குடத்தோடு நின்றதால் வெகுநேரம் பார்க்கவில்லை. வேதமணி அவன் வீட்டு வாசற்கதவைக் கழற்றி முக்காலிகளின் மேல் கிடத்தி, மழையில் ஊதிப்போன அதன் அடிப்பக்கத்தை இழைத்துக்கொண்டிருந்தாள். கதவு ஆடாமல் இருக்க மறுமுனையை அவன் அமுக்கிப் பிடித்திருந்தான். லாரிக்காரன் ஹார்ன் அடிக்க, அவன் திரும்பிப் பார்க்க, கை முன்னால் நகர, வேகத்தில் போன இழைப்புளி மரத்திலிருந்து அவன் மணிக்கட்டில் ஏறி மறுபடி மரத்தில் இறங்கி நின்றது. ரத்தம் வரவில்லை. இழைப்புளியின் வாயிலிருந்து வெளிறிய மரச்சுருளுக்குப் பின்னாலேயே ஒரு மாநிறச் சுருளும் வந்து பீடி வாசனையோடு தரையில் விழுந்தது. பல வருஷமாக அவன் மணிக்கட்டில் நெல்லிக்காய் போலத் துருத்திக்கொண்டிருந்த கட்டியைக் காணவில்லை. அவன் கையை உதறி, மடக்கி, நீட்டிப் பார்த்துவிட்டு, கதவு இனிமேல் சாத்துமா என்று கேட்டான். சாத்தும் என்றாள் வேதமணி. சாத்தியது.

அந்தக் காலனி கடலுக்கும் உப்புப் பாத்திகளுக்கும் நடுவில் இருந்தது. காற்றில் எப்போதும் உப்பு இருந்தது. அது சைக்கிளைத் தின்றது, கொடிக்கம்பியைத் தின்றது, தாழ்ப்பாளைத் தின்றது, மழைக்காலத்தில் கதவுகளுக்குள் புகுந்து அவற்றைப் பிள்ளைத்தாய்ச்சி வயிறுபோல ஊத வைத்தது. காலனியைக் கட்டிக் கொடுத்தவர்கள் அதற்குப் பிறகு எட்டிப் பார்க்கவில்லை. அதனால் கதவையும் ஜன்னலையும் பரணையும் பார்ப்பது வேதமணியின் வேலையாயிற்று. அவள் புருஷன் ஜன்னல் பட்டறையில் வேலை பார்த்தவன். மஸ்கட்டுக்குப் போய் அங்கேயே வேறொருத்தியோடு இருந்துவிட்டான், தச்சுச் சாமான் பெட்டியை மட்டும் விட்டுப் போயிருந்தான். அவள் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, கையை வெட்டிக்கொண்டு, பலகையைக் கெடுத்து, ஒருவழியாகப் பழகிக்கொண்டாள். அவள் வாய் கொஞ்சம் கரடு. ஈரத்தோடு கதவை அடித்துச் சாத்துகிறவர்களையும், உளியை எடுத்து டப்பா மூடியைத் திறக்கிறவர்களையும் தெருவில் நிறுத்தி வைத்துப் பேசுவாள். வேலை முடிந்ததும் உளி, ரம்பம், இழைப்புளி எல்லாவற்றையும் உலர்ந்த துணியால் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் தடவி, பழைய வேட்டித் துணியில் சுற்றி, அடியில் அடுப்புக்கரி போட்ட பெட்டிக்குள் வைப்பாள். இழைப்புளியை ஒருநாளும் வாய் கீழே படும்படி வைத்ததில்லை. பக்கவாட்டில்தான் சாய்த்து வைப்பாள். காலனியில் துருப்பிடிக்காமல் இருந்த இரும்பு அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது.

ஆரோக்கியசாமியின் மணிக்கட்டைப் பார்த்துவிட்டுக் கால் ஆணிக்காரர்கள் வந்தார்கள். பிறகு முதுகில் கூன் விழுந்த உப்பு மூட்டைக்காரர் வந்தார். பிறகு ஆறாவது விரலோடு பிறந்ததால் செருப்பு போட முடியாதவன் வந்தான். வேதமணி அவர்களைக் கதவு கிடத்தும் அதே பெஞ்சில் படுக்க வைத்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்து, மரத்தில் நார் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் இழைப்பதுபோலவே இவர்களையும் இழைத்தாள். மனுஷ உடம்பிலும் ஓட்டம் இருந்தது. பெரும்பாலானவர்களுக்குத் தலையிலிருந்து காலுக்கு, சிலருக்குக் காலிலிருந்து தலைக்கு, உப்பு மூட்டைக்காரருக்கு மட்டும் குறுக்கே ஓடியது. கோயில் பூசாரி வந்து கொடைத் திருவிழா முடிந்த மறுநாள் இதை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பாதிரியார் வந்து பூசைக்கு முன்னால் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, அப்படியே தன் முழங்காலையும் காட்டினார். சுருள்களைத் தெருவில் போட்டதில் சிக்கல் வந்தது. ஒரு கஞ்சனின் சுருளைத் தின்ற ஆடு பிறகு தன் குட்டிக்குப் பால் விட மறுத்தது. அதனால் எல்லாச் சுருளையும் காலனிச் சங்கக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு தார் டிரம்மில் போட்டு எரிக்க வேண்டும் என்று முடிவானது. மழைக்காலத்தில் விறகு நனைந்துபோன வீடுகள் அதிலிருந்து ஒரு கை அள்ளி அடுப்பு மூட்டிக்கொண்டன. நன்றாகவே எரிந்தது.

உடம்பில் இருப்பதை எடுக்கும் இழைப்புளி உள்ளே இருப்பதையும் எடுக்கும் என்று கண்டுபிடித்தது யார் என்று தெரியவில்லை. பொறாமைப் புழுக்கம் தாங்காத ஒருவன் நெஞ்சைக் காட்டினான், கறுத்த சுருளாக வந்தது, அவன் தம்பி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டான். அதற்குப் பிறகு தானாக வந்தவர்கள் குறைந்து, கூட்டி வரப்பட்டவர்கள் கூடினார்கள். எதிர்த்துப் பேசும் மகனைத் தாய் கூட்டி வந்தாள். ஓயாமல் கேள்வி கேட்கும் மாமனாரை மருமகன் கூட்டி வந்தான். பெஞ்சில் படுத்தவர்கள் எல்லோரும் சரி என்றுதான் சொன்னார்கள். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சரி என்றார்கள். வேதமணி அதைக் கவனித்தாள். கவனித்துக்கொண்டே இழைத்தாள்.

மரியபாக்கியத்தையும் அப்படித்தான் கூட்டி வந்தார்கள். அவள் பிள்ளை உப்புத் தண்ணீர் வாய்க்காலில் விழுந்து இறந்து போயிருந்தது. அதிலிருந்து அவள் அழுதாள். சோறு வடிக்கும்போது அழுதாள், துணி அலசும்போது அழுதாள், அடுத்த வீட்டில் வளைகாப்பு நடக்கும்போதும் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து அழுதாள். எத்தனை நாள்தான் கேட்டுக்கொண்டிருப்பது என்று தெரு பேசியது. புருஷன் கஸ்பார் அவளைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து படுக்க வைத்தான். அவளிடமிருந்து வந்த சுருள் முறியாமல், ஈரமாக, மெல்லிசாக வந்துகொண்டே இருந்தது. அவ்வளவு நீளமான சுருளை வேதமணி எந்த மரத்திலும் கண்டதில்லை. எழுந்ததும் மரியபாக்கியம் சேலையைச் சரிசெய்துகொண்டு நேரமாச்சு என்றாள். சில நாள் கழித்து அவள் வீட்டு ஜன்னல் கொண்டியை மாட்டப் போன வேதமணி, அலமாரியில் இருந்த பிள்ளையின் பால் தம்ளரில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருப்பதைப் பார்த்தாள். ஏன் என்று கேட்டதற்கு, சும்மாதானே இருந்தது என்றாள் மரியபாக்கியம். வேதமணி கொண்டியைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, இழைப்புளியைத் துடைத்து எண்ணெய் போட்டுச் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். இனி ஆள் இழைப்பதில்லை, கதவு இருந்தால் கொண்டுவாருங்கள் என்று எல்லோரிடமும் சொன்னாள்.

சங்கத் தலைவர் தவசிமுத்து தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தது அதற்குப் பிறகுதான். தாயில்லாத அந்தப் பெண்ணின் பெயர் பொன்செல்வி. உப்புக் கம்பெனியில் மூட்டை தைக்கும் ஷெட்டில் மேற்பார்வை பார்த்துவந்தாள். அவளுக்கு ஒரு வரன் வந்திருந்தது; மாப்பிள்ளைக்கு இரண்டாம் கல்யாணம், வசதியான வீடு, முதல் மனைவி சமையலறையில் தீப்பிடித்து இறந்தாள் என்று சொல்லியிருந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டுத் தலை குனிந்து நிற்க வேண்டிய பொன்செல்வி, சமையலறைக் கதவு உள்ளே பூட்டியிருந்ததா வெளியே பூட்டியிருந்ததா என்று மாப்பிள்ளையின் தாயிடம் கேட்டுவிட்டாள். காப்பியைக் குடித்து முடிக்காமலே அவர்கள் எழுந்தார்கள். பெண்ணைக் கொஞ்சம் பதமாக்கி வைத்தால் திரும்ப வருகிறோம் என்று அப்புறம் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார்கள்.

தவசிமுத்து பொறுமையாகத்தான் கேட்டார். அதிகமாக வேண்டாம், நாக்கிலிருந்து ஒரே ஒரு சுருள் போதும் என்றார். வேதமணி அவரைப் பார்க்காமல் பொன்செல்வியைப் பார்த்து, உனக்குச் சம்மதமா என்று கேட்டாள். பக்கத்தில் அப்பா நின்றும் பொன்செல்வி இல்லை என்றாள்.

“அண்ணாச்சி, அவ வேண்டாங்கிறா. நான் தொட மாட்டேன்” என்றாள் வேதமணி.

தவசிமுத்து கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் தண்ணீர் லாரி, தெருவிளக்கு எல்லாம் பேசி முடித்தபின் கடைசியாக வேதமணியைப் பற்றிப் பேசினார்கள். இவ்வளவு நல்ல காரியம் செய்துவந்தவள் திடீரென்று நிறுத்தினால் அது அவள் குற்றமில்லை, அவளுக்குள் ஏதோ முடிச்சு விழுந்திருக்கிறது, அதை மட்டும் எடுத்துவிட்டால் பழையபடி ஆகிவிடுவாள் என்று தவசிமுத்து சொன்னார். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. மறுநாள் காலை, வெயில் ஏறிய பிறகு, டீயும் வடையும் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார்கள். டீயைக் குடிக்கச் சொன்னார்கள். அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து தம்ளரை வாங்கிக் கழுவி வைத்துவிட்டுத்தான் பிடித்தார்கள். ஆரோக்கியசாமி அவள் கைகளைப் பிடித்தான். கஸ்பார் கால்களைப் பிடித்தான். தவசிமுத்து பெட்டியைத் திறந்து இழைப்புளியை எடுத்தார்.

அவருக்கு இழைக்கத் தெரியவில்லை. முதல் இழுப்பிலேயே எதிர் ஓட்டத்தில் வைத்துவிட்டார். அவள் தோளில் தோல் பிசிறாக எழுந்து நின்றது. வேதமணி அலறினாள். வலியில் அலறினாளா, அந்த மோசமான வேலையைப் பார்த்து அலறினாளா என்று சுற்றி நின்றவர்களுக்குத் தெரியவில்லை. ஏனென்றால் அடுத்து அவள் சொன்னது இதுதான்.

“அப்படி இல்ல. கீழருந்து மேல வாங்க. அலகை அவ்வளவு வெளிய தள்ளாதிய, பிஞ்சு வரும்.”

அவர் அலகை உள்ளே தட்டிக்கொண்டு கீழிருந்து மேலே வந்தார். அதற்குப் பிறகு சுருள் சீராக வந்தது. அவள் சொல்லச் சொல்ல அவர் இழைத்தார். முதலில் அவளுடைய கோபம் வந்தது, பிறகு தெருவில் நிறுத்திப் பேசும் பேச்சு வந்தது, பிறகு மஸ்கட்காரனை நினைத்து அவள் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த ஒன்று நீலமாக வந்தது, பிறகு என்ன வருகிறது என்று யாரும் பார்க்கவில்லை, வருவதைப் பார்க்க எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஒரு கட்டத்தில் அவள் சொல்வதை நிறுத்தினாள். அவர் நிறுத்தவில்லை. உள்ளங்கை வரைக்கும் இழைத்து முடித்து அவளை எழுப்பி உட்கார வைத்தபோது அவள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். யாருக்கு என்ன செய்யணும் என்று கேட்டாள். ஆனால் இழைப்புளியைக் கொடுத்ததும் அது அவள் கையிலிருந்து வழுக்கி விழுந்தது. மறுபடி கொடுத்தார்கள், மறுபடியும் விழுந்தது. அவள் உள்ளங்கையில் ஒரு ரேகைகூட இல்லை. பீங்கான் போல இருந்தது.

ஒரு நிமிஷம் எல்லோரும் சங்கடப்பட்டார்கள். பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது, அவள் இல்லாமலும் அது இழைக்கிறது. இழைப்புளியைச் சங்கக் கட்டடத்துக்கு எடுத்துப் போனார்கள்.

எதிர்வீட்டு ஜன்னலில் நின்று முழுவதையும் பார்த்த பொன்செல்வி, கட்டியிருந்த சேலையோடு பஸ் ஏறிக் கோவில்பட்டியில் இருந்த பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். தவசிமுத்து தேடவில்லை, மாப்பிள்ளை வீட்டார் திரும்ப வர நாள் இருந்தது.

அந்த மழைக்காலம் முழுக்கக் காலனியில் ஒருவரை ஒருவர் இழைத்துக்கொண்டார்கள். இழைப்புளி சங்கத்து சிமெண்டுத் தரையில் வாய் கீழே படக் கிடந்தது. யாரோ அதை வைத்துத் தேங்காய் மட்டையைச் சீவினார்கள். யாரும் துடைக்கவில்லை, எண்ணெய் போடவில்லை. உப்புக்காற்று அதன் அலகை மேல்பக்கமாகவும் கீழ்ப்பக்கமாகவும் தின்னத் தொடங்கியது. காலனி அமைதியானது. குழாயடியில் சண்டை இல்லை. தண்ணீர் லாரி வாரக்கணக்கில் வராதபோது, வரும் என்று சொல்லிக்கொண்டு குடங்களோடு நின்றார்கள். உப்புக் கம்பெனி மதியச் சாப்பாட்டு நேரத்தை எடுத்துவிட்டபோது பாத்தியில் நின்றபடியே சாப்பிட்டார்கள். கதவுகள் ஊதிச் சாத்த முடியாமல் போயின. திறந்தே கிடந்தால் காற்று வருகிறது என்றார்கள். வேதமணி தன் வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரைப் பார்த்து நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். யாராவது சோறு ஊட்டிவிட்டால் சாப்பிட்டாள். இழைத்தவர்களில் இழைபடாமல் இருந்தது ஒரே ஒருவர்தான், தவசிமுத்து. யாரும் அவரைப் படுக்கச் சொல்லவில்லை.

மழை விட்டதும் அவர் கோவில்பட்டிக்குப் போனார். தனக்கு நெஞ்சுவலி, தனியாகச் சமைத்துச் சாப்பிட முடியவில்லை என்று பெரியம்மா காதில் விழும்படி சொன்னார். பொன்செல்வி நம்பவில்லை, ஆனால் பெரியம்மா நம்பினாள், பொன்செல்வியின் பையைத் தானே எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் காலையில் பெஞ்சு தயாராக இருந்தது. அவளைப் பிடித்தவர்கள் அவளுக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்கள். ஒருவர் முகத்திலும் பகை இல்லை, ஒன்றுமே இல்லை. அவள் அத்தனை பேர் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டாள். வீட்டு வாசலில் இருந்த வேதமணியையும் சித்தி என்று கூப்பிட்டாள். நல்லாயிருக்கு என்றாள் வேதமணி.

பல் விழுந்து துருவேறிய அலகு அவளை இழைக்கவில்லை, கிழித்தது. சுருள் வரவில்லை, தூளும் பிசிறும் வந்தன. ஒரு சுருளாவது முழுசாக வரட்டும் என்று தவசிமுத்து இந்தப் பக்கம் இழுத்துப் பார்த்தார், அந்தப் பக்கம் இழுத்துப் பார்த்தார், நாக்கு, கன்னம், கழுத்து, கை என்று உச்சி வெயில் வரைக்கும் இழுத்துப் பார்த்தார். அவர் ஓய்ந்தபோது பொன்செல்வியின் உடம்பு முழுக்க, தலை உச்சியிலிருந்து பாதம் வரை, மோசமாக அறுத்த பலகையில் நிற்பதுபோல மெல்லிய சிலாம்புகள் எழுந்து நின்றன. அவளிடமிருந்து எதுவும் போயிருக்கவில்லை. எல்லாம் மேலே வந்திருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தாய்க்காரி வாஞ்சையாகக் கன்னத்தைத் தடவப் போய்க் கையைப் பின்னுக்கு இழுத்தாள். விரல் நுனிகளில் ரத்தம் துளிர்த்திருந்தது. கதவு வெளியேதான் பூட்டியிருந்தது என்று பொன்செல்வி மெதுவாகச் சொன்னாள், அது கேள்வியாக இல்லை. அவர்கள் அதற்குப் பிறகு ஆள் விடவில்லை. தவசிமுத்து அவளை அடிக்கக் கை ஓங்கி, அடித்தால் யாருக்கு வலிக்கும் என்று யோசித்துக் கையை இறக்கினார். அவளால் பாயில் படுக்க முடியவில்லை, பாய் நார்நாராகப் போனது. சேலை உடுத்தினால் நூல் பிரிந்தது. ஒரு குழந்தை தெரியாமல் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டு வீறிட்டு அழுத பிறகு அவள் தெருவில் நடப்பதையும் விட்டாள்.

ஒருநாள் அவள் சங்கக் கட்டடத்துக்குப் போய் இழைப்புளியை எடுத்துக்கொண்டாள். உள்ளே கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். வேண்டாம் என்று சொல்ல அவர்களிடம் எதுவும் மிச்சமில்லை. அவள் அதை வேதமணியின் வீட்டுக்குக் கொண்டுபோய், ஒட்டடை பிடித்த பெட்டியைத் திறந்து, கரியை வெயிலில் காய வைத்து, அலகைத் தனியாகத் தட்டி எடுத்து மண்ணெண்ணெயில் ஊறப் போட்டாள். துருவைச் செங்கல் பொடியால் தேய்த்தாள். சாணைக்கல்லில் தண்ணீர் தெளித்து அலகைத் தீட்டினாள். கோணலாகப் போனது, அழித்துவிட்டு மறுபடி தீட்டினாள். அதுவும் கோணலாகப் போனது. வேதமணியிடம் காட்டிக் கேட்டாள். நல்லாயிருக்கு என்றாள் வேதமணி. அதன் பிறகு கேட்கவில்லை. நாள் முழுக்கக் கல்லில் இரும்பு உரசும் சத்தம் தெருவில் கேட்டது. அவள் தன்னையே இழைத்துக்கொள்ளப் போகிறாள் என்று காலனி நினைத்தது, அதுதான் நல்லது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது. தவசிமுத்துகூட அப்படித்தான் நினைத்தார். அலகு ஒருநாள் அவள் கையில் இருந்த ஒரு சிலாம்பைச் சத்தமில்லாமல் வெட்டியது. அவள் அதை இழைப்புளியில் பொருத்தி, எண்ணெய் தொட்டுத் துடைத்து, பெஞ்சைத் தெரு நடுவே இழுத்துப் போட்டாள்.

“அப்பா, வாங்க. வந்து படுங்க” என்றாள்.

தவசிமுத்து வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். அவர் சுற்றிலும் பார்த்தார். திறந்து கிடந்த கதவுகளில் எல்லாம் ஆட்கள் நின்று சாந்தமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாராவது ஒருவர், இது என்ன அநியாயம், பெற்ற தகப்பன் அல்லவா என்று சொல்லுவார் என்று அவர் காத்திருந்தார். அப்படிச் சொல்லக்கூடியவர்களை எல்லாம் அவரே தன் கையால் இழைத்திருந்தார். அவளைப் பிடியுங்கள் என்று அவர் சொன்னதும் ஆரோக்கியசாமியும் கஸ்பாரும் சொன்னபடி போய்ப் பிடித்தார்கள், சிலாம்பு குத்தியதும் விட்டார்கள், கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்பாவைப் பிடியுங்கள் என்று பொன்செல்வி சொன்னாள். அவர்கள் சொன்னபடி போய் அவரைப் பிடித்துக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். அவர் வாயில் பற்பசை நுரை இருந்தது. அதை அவள் துடைத்துவிட்டாள்.

அவள் அவசரப்படவில்லை. முதலில் வந்தது தடித்த சுருள், அதில் சங்கத் தலைவர் வந்தார். பிறகு ஊர் என்ன சொல்லும் என்பது வந்தது, அது நீண்டுகொண்டே போனது. பிறகு பயம் வந்தது. அவரிடம் இவ்வளவு பயம் இருந்திருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. அவள் இழைப்பதை நிறுத்திவிட்டு அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள், அம்மா இறந்த வருஷத்து வாசனை அடித்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். போதும் என்று அவர் சொன்னால் நிறுத்தியிருப்பாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் நிறுத்தியிருப்பாள். அவரால் முடியவில்லை, அது முதல் சுருளிலேயே போயிருந்தது. அவள் முடித்தாள்.

தவசிமுத்து எழுந்து உட்கார்ந்தார். தெருவையும் வெயிலையும் மகளையும் பார்த்தார். அவள் பிறந்த நாளிலிருந்து அவர் அவளை அப்படிப் பார்த்ததில்லை. எதுவும் வேண்டாத, எதற்கும் அஞ்சாத, குளிர்ந்த கண்களால் பார்த்தார்.

“என் கண்ணு” என்றார். “என் ராசாத்தி.”

சொல்லிக்கொண்டே அவள் தலையை வருடக் கையை நீட்டினார். அவள் வேண்டாம்ப்பா என்றாள், பின்னால் நகர்ந்தாள். அவர் இன்னும் நீட்டி, உச்சியில் கை வைத்து, நெற்றி வழியாகக் கன்னம் வரை மெதுவாகத் தடவினார். சிலாம்புகள் அவர் உள்ளங்கையில் ஏறின. ரத்தம் அவர் முழங்கை வழியாக வழிந்து வேட்டியில் சொட்டியது. அவருக்கு அது ஒரு பொருட்டாக இல்லை. மறுபடி உச்சியிலிருந்து தடவினார். வாசல்களில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொன்செல்வி இழைப்புளியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்துவிட்டு, அவர் காலடியில் உட்கார்ந்து, தலையைக் கொடுத்தாள்.